பையன் ராத்திரியெல்லாம் எல்.ஆர்.டி. பாதை போடுகிறானா? முதலில் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்

அம்மா, மடிக்கணினியைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

படிவம் 4 படிக்கிற பையன் நடுராத்திரி தாண்டியும் ரயில் கேமே கதி என்று கிடக்கிறான், அடுத்த வருஷம் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு, அவன் அப்பா செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் காய்கிறார், இவன் உருப்படுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. ரயில் ஓட்டுவதைவிடப் பாதை போடுவதில்தான் அவன் நேரம் போகிறது, நம் சுங்கை சிப்புட்டில் கிளம்பி ஈப்போ வரை ஒரு எல்.ஆர்.டி. (இலகு ரயில்), டவுன் வந்ததும் சுரங்கத்துக்குள் இறங்குகிறது, எல்லாம் ஓபன்பிவிஇ என்ற இலவச ரயில் ஓட்டும் மென்பொருளில். கேம் விளையாடும் பையன் வேறு, இதைச் செய்யும் பையன் வேறு.

ஓபன்பிவிஇயில் பாதை என்பது வெறும் எழுத்துக் கோப்பு. மௌசை இழுத்தால் தண்டவாளம் வந்துவிடாது. பாதையை வழக்கமாக 25 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, எந்த இடத்தில் வளைவு தொடங்குகிறது, அதன் ஆரம் எத்தனை மீட்டர், வெளிப்பக்கத் தண்டவாளம் எத்தனை மில்லிமீட்டர் உயரம், ஆயிரம் மீட்டருக்கு எத்தனை மீட்டர் ஏற்றம் இறக்கம், வேக வரம்பு என்ன, நிலையம் எங்கே என்று ஒவ்வொன்றையும் எண்ணாக எழுதித் தர வேண்டும். ஓர் எண் தப்பினால் ரயில் குலுங்கும், அல்லது நடைமேடை வானத்தில் தொங்கும். உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்துத் திருத்தும் பொறுமை டியூஷனில் கிடைக்காது.

இன்றைக்கு அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள், திட்டுவதற்கு அல்ல. ஏதாவது ஒரு வளைவைக் காட்டி, இதற்கு ஏன்டா இந்த எண் என்று மட்டும் கேளுங்கள். அவன் சொல்வது சரியா தப்பா என்று உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பார்ப்பதற்கு அழகாக இருந்தது, அதனால் போட்டேன் என்கிறானா, இல்லை கணக்குப் போட்டுக் காட்டுகிறானா என்பதுதான் உங்களுக்கு வேண்டும்.

என்ன கணக்கு என்று தம்பிக்காகவே எழுதுகிறேன், இதை அவனிடம் படித்துக் காட்டுங்கள். 300 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் போகிறது. உள்ளே நிற்கிறவர் வெளிப்பக்கம் தள்ளப்படாமல் இருக்க வேண்டுமென்றால் வெளித் தண்டவாளம் ஏறக்குறைய 140 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். வேகத்தை விநாடிக்கு மீட்டராக மாற்றி, அதன் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்து, இரண்டு தண்டவாளங்களின் நடுவிலிருந்து நடு வரையுள்ள சுமார் 1500 மில்லிமீட்டரால் பெருக்கிப் பார், வரும். படிவம் 4 இயற்பியலில் டாயா மெமுசாட், அதாவது மையநோக்கு விசை என்று படிக்கிறாயே, அதுதான் இது. நிஜப் பாதையில் அவ்வளவு முழுசாக உயர்த்தமாட்டார்கள், ஏனென்றால் ரயில் அதே வளைவில் நின்றுவிட்டால் எல்லாரும் உள்பக்கம் சாய்வார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது, அதைத் தேடிப் படிக்கலாம்.

அப்புறம் அந்தச் சுரங்கம். எனக்குப் பிடித்த பகுதி அதுதான். கேமில் சுரங்கச் சுவர் படத்தை ஒட்டினால் சுரங்கம் முடிந்தது, மண் என்ன என்று மென்பொருள் கேட்காது. கிந்தா பள்ளத்தாக்கில் நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், மேலே வெள்ளீயம் தோண்டிக் கிளறிப் போட்ட மணல், ஆங்காங்கே குட்டை. சுண்ணாம்புக்கல் என்றால் உள்ளே குகை, வெடிப்பு, தண்ணீர். ஈப்போவைச் சுற்றிக் குகைக்கோயில்கள் இருக்கின்றனவே, அதே கல்தான் நிலத்துக்கு அடியிலும். கோலாலம்பூரில் எம்.ஆர்.டி. என்ற நகர ரயிலின் காஜாங் பாதைக்கு 9.5 கிலோமீட்டர் சுரங்கம் போட்டபோது இதே தலைவலி வந்தது. தோண்டும் இயந்திரத்தின் முன்னால் அழுத்தம் கொடுக்கிற சேற்றுக் கலவை குகைக்குள் ஓடிவிட்டால் மேலே சாலை உள்வாங்கும். அதற்காகவே கலவையின் அடர்த்தியை இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் புதுவகை இயந்திரத்தை உருவாக்கினார்கள், உலகத்திலேயே அந்த வகை முதன்முதலில் வேலை பார்த்தது அங்கேதான். ஆகவே தம்பியிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: ஈப்போவுக்கு அடியில் ஏன்டா போகிறாய், மேலே தூண் வைத்துப் போனால் ஆகாதா? இதற்கு வாதாட ஆரம்பித்தான் என்றால் அவனுக்குள் ஒரு சிவில் என்ஜினியர் எட்டிப் பார்க்கிறான். 

எந்த ரயில் ஓடுகிறது என்றும் கேட்கலாம். கோலாலம்பூர் எல்.ஆர்.டி.யில் அம்பாங் பாதை மாதிரி மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுவதா, கிளானா ஜெயா மாதிரி தண்டவாளங்களுக்கு நடுவில் கிடக்கும் தகட்டைப் பிடித்து நேரியல் மோட்டார் இழுப்பதா? சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடிப்பை நம்பாத இரண்டாவது வகை செங்குத்தான சரிவிலும் ஏறும், அதனால் சுரங்கத்துக்குள் இறங்கும் பாதையின் நீளமே மாறும். இப்படிப்பட்ட பேச்சில் அவன் முகம் மலர்ந்தால் எலெக்ட்ரிக்கல் பக்கம் பாருங்கள். சிக்னல், எத்தனை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்பதிலேயே கிடக்கிறான் என்றால் எலெக்ட்ரோனிக், கணினி. நிலையக் கட்டடத்தையும் மரத்தையும் செதுக்கிச் செதுக்கி அழகாக்குகிறான் என்றால் கட்டடக்கலையோ வரைவாளர் டிப்ளோமாவோ. ஓட்டுநர் ஆசை மட்டும்தான் என்றால் முதலில் கண்ணில் நிறக்குறை இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுங்கள், கிளானா ஜெயா பாதையில் ஓட்டுநரே கிடையாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

சரி, படிப்பு. இயற்பியலும் கூடுதல் கணிதமும் இல்லாமல் இந்தக் கதவு எதுவும் சுலபமாகத் திறக்காது. கூடுதல் கணிதத்தில் அவன் தடுமாறுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கேமுக்காக அதே கணிதத்தைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் ஆசிரியரிடம் அந்தக் கோப்பை அச்செடுத்துக் கொடுத்துப் பாருங்கள், நல்ல ஆசிரியர் அதிலிருந்தே பாடம் நடத்துவார். எஸ்.பி.எம். முடிந்ததும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம்., இல்லையென்றால் பொலிடெக்னிக் டிப்ளோமா. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஈப்போவில் உங்கு ஒமார் இருக்கிறது, 1969-ல் தொடங்கிய நாட்டின் முதல் பொலிடெக்னிக். மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை என்றால் வாழ்க்கை போச்சு என்று வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள், டிப்ளோமா முடித்துப் பட்டத்துக்குப் போகிறவர்கள் நிறைய.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ரயில் என்று பெயரில் இருக்கிறதே என்பதற்காக நகையை அடகு வைத்து ஏதோ தனியார் கல்லூரியில் சேர்த்துவிடாதீர்கள். முதல் பட்டம் சிவிலோ எலெக்ட்ரிக்கலோ ஆக இருக்கட்டும், ரயில் வேலை இல்லாவிட்டாலும் சாலை, பாலம், தொழிற்சாலை என்று சோறு போடும். பொறியியல் பட்டமும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டமும் ஒன்றல்ல, முன்னது என்ஜினியர் வாரியத்தில் பட்டதாரி என்ஜினியராகப் பதிந்து பிறகு தொழில்முறை என்ஜினியர் என்பதற்கான ஐ.ஆர். பட்டம் வாங்கும் வழி, பின்னது வேறு பதிவு. கல்லூரிக்காரர் சிரித்துக்கொண்டே இரண்டும் சமம் என்பார். வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

ராத்திரி விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பள்ளி நாளில் பத்து மணிக்கு மடிக்கணினி மூடப்பட வேண்டும், வெள்ளி சனி ராத்திரி அவன் இஷ்டம். பதிலுக்கு அவன் ஒன்று செய்யட்டும்: பாதையில் ஏதாவது ஐந்து வளைவுகளை எடுத்து, மேலே சொன்ன கணக்கை நோட்டில் கையால் போட்டு, பள்ளி விடுமுறைக்கு முன்னால் எனக்கு அனுப்பட்டும். அதைப் பார்த்தபின் எந்தப் படிப்பு என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசலாம், அப்பாவையும் கூட்டி வாருங்கள், பெரட்டு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) இல்லாத ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அவருக்கும் தோது.