தக்காளியின் அடி ஏன் கறுக்கிறது?

கேள்வி: ஐயா, திருச்சியில் மொட்டை மாடியில் பத்துப் பைகளில் தக்காளி வைத்திருக்கிறேன். கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) மண்புழு உரமும் கலந்த கலவை. வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். செடி தளதளவென்று இருக்கிறது. ஆனால் காய் எலுமிச்சை அளவு வந்ததும் அடிப்பக்கம் கறுத்து அமுங்கிவிடுகிறது. வேப்பெண்ணெய் தெளித்தேன், முட்டை ஓட்டுத் தூள் போட்டேன், நிற்கவில்லை. காலையில் மட்டும்தான் தண்ணீர் ஊற்றுவேன். வேலை நாளில் அதுவும் சில சமயம் தவறிவிடும்.

பதில்: முதலில் வேப்பெண்ணெயை நிறுத்துங்கள் அம்மா. இது பூச்சியும் இல்லை, பூஞ்சாணமும் இல்லை. அடுத்த செடிக்குத் தொற்றாது. கறுத்த இடத்தில் பூசணம் தெரிந்தால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததால் வருகிற அடி அழுகல் இது. முட்டை ஓடு போட்டீர்களே, அந்த யோசனை பாதி சரி. சத்து பைக்குள் இருப்பது வேறு, காயின் அடிக்குப் போவது வேறு.

கால்சியம் செடிக்குள் தானாக நகராது. வேரிலிருந்து ஏறும் தண்ணீரோடுதான் போகும். அந்தத் தண்ணீரை இழுப்பது இலை. காசித்தும்பைத் தண்டு ஒன்றை வெட்டிச் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தண்டுக்குள் சிவப்புக் கோடுகள் ஏறுவது வெளியிலேயே தெரியும். இலைத்துளைகள் வழியே நீராவி வெளியேற வெளியேற, கீழிருந்து நீர் ஏறிக்கொண்டே இருக்கும்.

இப்போது ஒரு தக்காளியைக் கையில் எடுத்துத் தடவுங்கள். மெழுகு பூசியது போல வழவழவென்று இருக்கும். அந்தத் தோலில் இலைத்துளையே கிடையாது. அதனால் காயால் தண்ணீரை இழுக்க முடியாது. மாடி வெயிலில் இலைகளே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கின்றன. இலைக்குள் போன கால்சியம் திரும்பி வந்து காய்க்குப் போவதும் இல்லை. செடி தளதளவென்று இருக்கும்போதே காய் பட்டினி கிடப்பது இப்படித்தான். காய்க்குள் வருகிற கொஞ்சமும் காம்புப் பக்கம் நின்றுவிடும். செல் சுவர்களைப் பிடித்து ஒட்டி வைப்பது கால்சியம். அது கிடைக்காத அடிமுனையில் செல்கள் உடைந்து, நீர் கசிந்து, கறுக்கின்றன.

சரி, காய்க்கு எப்போதுதான் கிடைக்கும்? பெரும்பாலும் இரவில். விடிகாலையில் இலை ஓரங்களில் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எல்லாம் பனி இல்லை. இரவில் இலைத்துளைகள் மூடிய பிறகு வேர் தன் அழுத்தத்தால் தண்ணீரை மேலே தள்ளுகிறது. மிஞ்சியது இலை ஓரத்தில் சொட்டாக வெளிவருகிறது. காய்க்குப் பங்கு கிடைப்பது அந்த நேரத்தில்தான். நீங்கள் காலையில் ஊற்றியது பகல் வெயிலில் காய்ந்து, ராத்திரி பை வறண்டு கிடந்தால், தள்ளுவதற்கு வேரிடம் என்ன இருக்கும்?

ஆகவே வெயில் காலத்தில் காலையும் சாயங்காலமும் ஊற்றுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் சாயங்காலத்தை விடாதீர்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் இரண்டு மடங்கு ஊற்றுவது உதவாது. பை எப்போதும் சொதசொதவென்று இருந்தாலும் வேருக்குக் காற்றில்லாமல் போய்விடும். அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே காய்ந்த சருகோ வைக்கோலோ இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள்.

கோகோபீட்டையும் நான் சந்தேகப்படுகிறேன். சரியாகக் கழுவாத கோகோபீட், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்காகும். அதற்குப் பதில் பைக்கு இரண்டு தேக்கரண்டி ஜிப்சம் (கால்சியம் உள்ள உப்பு) கலந்து நீர் ஊற்றுங்கள். புண்ணாக்குக் கரைசலைக் காய் பருக்கும் வாரங்களில் நிறுத்தி வையுங்கள். அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை பெருகி, காய்க்குப் போட்டியும் பெருகும்.

கறுத்த காய் திரும்பத் தேறாது, பறித்துவிடுங்கள். கறுப்பை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். பலனை இப்போது தொங்கும் காய்களில் தேடாமல், இனிப் பூக்கும் கொத்தில் பாருங்கள்.