பத்தரமுல்லைக் கடிதம் நிராகரிப்பு அல்ல

திருக்கோவில் பிரதேசத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"1990 சண்டைக்குள்ள அம்மா அப்பாவோட இந்தியாவுக்குப் போனேன். அங்க முகாமிலதான் கலியாணம். கோயிலில தாலி கட்டினது, பதிவு இல்லை. ஒரே மகளும் அங்கதான் பிறந்தவள். 2016இல நானும் பிள்ளையும் திரும்பி வந்திட்டம், கணவர் வரேல்லை. மகளுக்குப் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் குடுத்து ஏழெட்டு மாசம். போன கிழமை சிங்களத்தில ஒரு கடிதம் வந்திச்சு. வாசிச்சுக் காட்டின தம்பி 'ரிஜெக்ட் ஆக்கிட்டாங்கள்' எண்டு சொல்றான். அடையாள அட்டை இல்லாம மகள் ஓ.எல். சோதினை எழுதேலாதா? ஊரில ஒருத்தர், இங்கேயே பிறந்ததாப் பதிஞ்சு தாறன் எண்டு காசு கேக்கிறார். குடுக்கலாமா?"

சகோதரி, காசைக் கொடுக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கடிதத்தைப் பார்ப்போம்.

பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அனுப்பிய கடிதம் அது. நீங்கள் படம் எடுத்து அனுப்பியதை வாசித்தேன். நிராகரித்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார்கள். மகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் 'ராணி' என்று இருக்கிறது, உங்கள் அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது, இருவரும் ஒருவரே என்று காட்டச் சொல்கிறார்கள். அடுத்தது, விவாகச் சான்றிதழின் பிரதி. அவ்வளவுதான். இப்படிக் கடிதம் வந்தால் உங்கள் பைலை யாரோ திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். ஏழெட்டு மாதமாக ஒன்றுமே வராமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

மகளின் நிலை சட்டத்தில் இதுதான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளை வம்சாவழியால் இலங்கைப் பிரஜையாகலாம். ஆனால் பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். தக்க காரணம் இருந்தால் அந்தக் காலத்தை நீடிக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. முகாமில் பிறந்த பிள்ளைகளில் அநேகர் அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டவர்கள்தான். உங்கள் மகளின் பைல் தாமதிப்பதற்கும் இது ஒரு காரணம். காலம் கடந்த பதிவுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும், அதற்கு முன் பெற்றோரின் பத்திரங்களைச் சரிபார்க்க வேண்டும். இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் நாள் குறித்து வைக்கவில்லை.

விவாகச் சான்றிதழ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். முன்பு தகப்பன் வழியாகத்தான் பிரஜாவுரிமை வந்தது, பெற்றோர் முறைப்படி மணம் முடிக்காதிருந்தால் மட்டுமே தாயைப் பார்த்தார்கள். 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றியது. இன்று தாய் இலங்கைப் பிரஜையாக இருந்தாலே போதும். கணவர் எங்கே இருந்தாலும், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மகளின் உரிமை உங்கள் வழியாக வருகிறது. ஆகவே பதிலில் ஒளிவுமறைவு வேண்டாம்: "எங்கள் திருமணம் பதிவு செய்யப்படவில்லை, தாயின் பிரஜாவுரிமையின் அடிப்படையிலேயே விண்ணப்பிக்கிறேன்" என்று எழுதிவிடுங்கள். வெட்கப்பட்டு வெற்றிடமாக விட்டால் அதையே கேட்டு இன்னொரு கடிதம் வரும்.

உண்மையான சிக்கல் பெயர்தான். எங்கள் பக்கத்தில் வீட்டுப்பெயர் ஒன்று, பதிவுப்பெயர் ஒன்று. பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில் தாயின் பெயர் கேட்டபோது பக்கத்தில் நின்றவர் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பார், தாதி எழுதியிருப்பார், அதுவே பிறப்புச் சான்றிதழிலும் ஏறிவிட்டது. இந்தியச் சான்றிதழை இங்கிருந்தபடி திருத்துவது லேசான காரியம் அல்ல, அந்த வழிக்குப் போகாதீர்கள். ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள், ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னிலையிலும் முடிக்கலாம். "ராணி என்று அழைக்கப்படுபவரும் இந்த அடையாள அட்டை இலக்கத்துக்குரியவரும் நான் ஒருவரே" என்பது அதில் தெளிவாக வர வேண்டும். கூடவே கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன். ஆனால் சத்தியக்கடதாசி நீங்களே உங்களுக்குச் சொல்லும் சாட்சி, அதை மட்டும் நம்பாதீர்கள். முகாமில் தந்த குடும்ப அட்டை, மகளின் தடுப்பூசி அட்டை, அங்கே படித்த பள்ளிக்கூடத்து டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) என்று பெட்டிக்குள் கிடப்பதையெல்லாம் கிளறுங்கள். உங்கள் படமும் மகளின் பெயரும் ஒரே தாளில் இருக்கும் அந்தக் குடும்ப அட்டை, பத்துச் சத்தியக்கடதாசிக்குச் சமம். மூலப் பிரதிகளைத் தபாலில் போடவே வேண்டாம், உறுதிப்படுத்திய பிரதிகள் மட்டும்.

பதிலைக் கடிதத்தின் தலைப்பில் உள்ள இலக்கத்தைக் குறிப்பிட்டுப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். இலக்கம் இல்லாத பதில் உரிய பைலுக்குப் போய்ச் சேருமா என்பது சந்தேகம். தபால் பற்றுச்சீட்டை அந்தக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். தொலைபேசி இலக்கம் மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள். சிம் மாறிக்கொண்டே இருப்பது எங்கள் ஆட்களின் பெரிய வியாதி.

சிங்களக் கடிதம் பற்றி ஒரு சொல். நீங்கள் தமிழில் விண்ணப்பித்திருக்கிறீர்கள், அதே மொழியில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. இதற்காக இப்போதே சண்டைக்குப் போனால் பைல் அங்கேயே நின்றுவிடும். பத்திரங்களை அனுப்பும் அதே கடிதத்தின் கடைசி வரியில், இனிமேல் தமிழில் அறிவிக்குமாறு கேளுங்கள். அதுவும் பதிவில் இருக்கும்.

இனி அந்த ஊர்க்காரர். மகள் திருக்கோவிலில் பிறந்ததாகப் பொய்ப் பதிவு செய்வது குற்றம். அதைவிட மோசம், பத்தரமுல்லையில் இருக்கும் உங்கள் பைலுக்குள் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே பிள்ளைக்கு இரண்டு பிறந்த இடம்! கடவுச்சீட்டு எடுக்கப் போகும் நாளில் இது வெளியே வரும். அன்றைக்கு மாட்டுவது காசு வாங்கியவர் அல்ல, உங்கள் மகள்தான். திணைக்களத்துக்கு உரிய கட்டணத்தை அவர்கள் கேட்கும்போது கட்டி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். மற்ற எந்தக் காசும் தேவையில்லை.

ஓ.எல். விஷயம்: வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்கப் பிரஜாவுரிமைப் பத்திரம் வேண்டும். பாடசாலை மாணவி என்பதால் அந்த விண்ணப்பம் அதிபர் ஊடாகத்தான் போகும். எனவே பரீட்சை நெருங்கும்வரை காத்திராமல் இந்த வாரமே அதிபரைக் காணுங்கள். விண்ணப்பம் கொடுத்த பற்றுச்சீட்டு, வந்த கடிதம், நீங்கள் அனுப்பும் பதில் ஆகியவற்றின் பிரதிகளை அவர் கையில் கொடுங்கள். பாடசாலையிலிருந்து குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளை என்று அதிபர் எழுதினால் அவசரம் இருப்பது அங்கே விளங்கும்.

பதில் அனுப்பி இரண்டு மாதமாகியும் சத்தம் இல்லையென்றால், அக்கரைப்பற்றில் இரவு பஸ் ஏறி பத்தரமுல்லைக்கு ஓட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதிப் போடுங்கள்: பைல் எந்தப் பிரிவில் இருக்கிறது, என்ன குறை, அடுத்து என்ன நடக்க வேண்டும்? அவர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே திணைக்களத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேல் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கோரிக்கையை உங்கள் பெயரில் எழுதுங்கள், மகளின் பெயரில் வேண்டாம். இந்த உரிமை பிரஜைகளுக்கு உரியது, மகளின் பிரஜாவுரிமைதானே இன்னும் கேள்வியில் நிற்கிறது.

உண்மையாகவே நிராகரித்துக் கடிதம் வந்தால் ஒரு நாளும் பிந்தாதீர்கள். அடிப்படை உரிமை வழக்கை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகத்தில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கடிதம் கைக்கு வந்த திகதியை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.