சனசமூக நிலைய நிர்வாகத்துக்குள் காலடி வைக்கிறவர்களுக்கு: டீச்சரின் பதில்கள்

மட்டக்களப்பில் ஊர்ச் சனசமூக நிலையம் ஒன்றில் செயலாளராகவும் பொருளாளராகவும் நெடுங்காலம் இருந்து ஓய்ந்தவர் டீச்சர். வருடாந்தப் பொதுக்கூட்டம் வைக்கும் காலம் நெருங்குவதால், வந்த கேள்விகளை அவரிடமே கொடுத்துவிட்டோம்.

டீச்சர், இந்த முறை நிர்வாக சபைக்கு என் பெயரை முன்மொழியப் போகிறார்களாம். ஓம் சொல்லலாமா? (கல்லடி)

சொல்லுங்கள் தம்பி. அதற்கு முதல் யாப்பு (நிலையத்தின் சட்டதிட்டம்), கூட்டறிக்கைக் கொப்பி, வங்கிப் புத்தகம் மூன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். யாப்பு அநேகமாக யாரோ ஒரு பழைய செயலாளரின் அலுமாரியில் கிடக்கும். கூட்டறிக்கையில் என்ன தீர்மானித்தார்கள், யார் பொறுப்பு, எவ்வளவு காசு என்று இருந்தால் நல்ல சபை. "தேநீர் விருந்துடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது" என்பது மட்டும்தான் தெளிவாக இருக்கிறதென்றால், வரப்போகும் வேலை எவ்வளவென்று விளங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளம், படி ஏதும் உண்டா? (செங்கலடி)

இல்லை. தேத்தண்ணி உண்டு.

புதிய சபை தெரிவாகி மாதக்கணக்காகிறது. பழைய பொருளாளர் வங்கிக் கணக்கை மாற்றித் தர இழுத்தடிக்கிறார். என்ன செய்வது? (களுவாஞ்சிகுடி)

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான். பாதிப் பேர் பிழையான கந்தோருக்கு அலைகிறார்கள். சனசமூக நிலையம் என்றால் உங்கள் பதிவு பிரதேச சபையில் அல்லது மாநகர சபையில் இருக்கும். விளையாட்டுக் கழகம் என்றால் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடமும், கிராம அபிவிருத்திச் சங்கம் என்றால் அதே செயலகத்தின் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் போக வேண்டும். பதிந்த இடத்திலிருந்து புதிய நிர்வாகிகளை உறுதிப்படுத்திக் கடிதம் எடுங்கள்.

வங்கி அதோடு தீர்மானப் பிரதியும் கேட்கும். "புதிய நிர்வாகம் தெரிவானது" என்று எழுதினால் போதாது. எந்தக் கணக்கு இலக்கம், யாருடைய கையொப்பம் நீங்குகிறது, இனி யார் யார் ஒப்பமிடுவார்கள் என்று பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போட்டு எழுதுங்கள். எப்போதும் இரண்டு ஒப்பம். அந்த இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கவே கூடாது.

பழையவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பலர் களவுக்காக அல்ல, ஒரு பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்ட வெட்கத்தில்தான் ஒளிக்கிறார்கள். ஊரில் மதிப்பான ஒருவரோடு வீட்டுக்குப் போய், இருக்கிற கணக்கை இருக்கிறபடி எழுதி இருபக்கமும் ஒப்பமிட்டு எடுங்கள். குறைவதைப் பொதுக்கூட்டத்தில் வையுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டிக்கு வீடு வீடாகக் காசு சேர்க்கிறோம். பிறகு கதை வருகிறது. (ஆரையம்பதி)

கதை வரத்தான் செய்யும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் இல்லாமல் யாரையும் படலை தட்ட விடாதீர்கள். போட்டி முடிந்து ஒரு கிழமைக்குள் வரவு செலவை நிலையத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சறுக்கு மரத்துக்குக் கிறீஸ் வாங்கிய காசு, தலையணைச் சண்டைக்குப் பஞ்சு வாங்கிய காசு எல்லாம் தெரியட்டும். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அனுப்புகிறவர்களுக்கும் அதையே படம் பிடித்து அனுப்புங்கள். அடுத்த வருடம் கேட்காமலே காசு வரும்.

செத்த வீட்டுக்குக் கொடுக்கும் கதிரைகள் குறைந்துதான் திரும்புகின்றன. (திருக்கோவில்)

ஒவ்வொரு கதிரையின் அடியிலும் பெயின்ரால் நிலையத்தின் பெயரும் இலக்கமும் எழுதுங்கள். கொடுக்கும்போது எண்ணிக்கையை எழுதி, வாங்குகிறவரிடம் ஒப்பம். செத்த வீட்டுக்கு வாடகை எடுக்காதீர்கள், ஆனால் ஒப்பத்தை விடாதீர்கள். துக்க வீட்டுக்காரரிடம் அந்த நேரம் கொப்பியை நீட்டக் கூச்சமாக இருந்தால், கதிரை ஏற்ற வருகிற பொடியனிடம் வாங்குங்கள்.

ஒரு நிறுவனம் மாடிக் கட்டடம் கட்டித் தருகிறதாம். வாங்கலாம்தானே? (அக்கரைப்பற்று)

காணி யாருடைய பெயரில் இருக்கிறது? மின்கட்டணம் யார் கட்டுவது? 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் எத்தனையோ கட்டடம் எழும்பியது. பராமரிப்புக்கு வழி பார்க்காமல் வாங்கியவை பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் மாடியை விட, ஒழுகாத கூரையும் நல்ல கழிப்பறையும் கேட்பேன்.

மைதானம் முழுநாளும் கிரிக்கெட் பொடியன்மார் கையில். பெண் பிள்ளைகள் வலைப்பந்து விளையாட இடமில்லை டீச்சர். (ஏறாவூர்)

நேர அட்டவணையைத் தீர்மானமாக எழுதி ஒட்டுங்கள் மகள். வாய்ச்சொல் ஒரு மாதம் தாங்காது. நேரம் கிடைத்தாலும் பூட்டக்கூடிய கழிப்பறையும் உடை மாற்ற ஒரு மூலையும் இல்லாவிட்டால் பிள்ளைகள் வர மாட்டார்கள். அந்தத் திறப்பு ஒரு பெண்ணிடம் இருக்கட்டும். சபைக்கு இரண்டு பெண்களையாவது தெரிவு செய்யுங்கள். ஒருத்தியாக இருந்தால் கூட்டறிக்கை எழுதவும் தேத்தண்ணி ஊற்றவும் விட்டுவிடுவார்கள்.

மழைக்கு என்ன ஆயத்தம்? (வாழைச்சேனை)

ஐப்பசிக்குள் கூரையைப் பாருங்கள். கொப்பிகளையும் கரம் போர்ட்டையும் உயரத்தில் ஏற்றுங்கள். வெள்ளம் வந்தால் சனம் நிலையத்துக்குத்தான் வரும். அதனால் இரவிலும் எடுக்கக்கூடியதாக ஒரு திறப்பு பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும்.

விலக நினைக்கிறேன். எப்படிச் சொல்வது? (காரைதீவு)

கூட்டத்துக்குப் போகாமல் விட்டு விலகாதீர்கள். செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, கையிலுள்ள கொப்பி, முத்திரை, திறப்பு எல்லாவற்றையும் எழுதி ஒப்படைத்துப் பிரதி எடுத்து வையுங்கள். வங்கியில் உங்கள் ஒப்பம் நீங்கியதா என்றும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.