கரும்புள்ளி

அன்புள்ள அண்ணா,

போன வாரம் ராமநகரத்தில் நண்பர் ஒருவரின் பட்டுப்புழு மனைக்குப் போயிருந்தேன். பல புழுக்களின் உடம்பில் கரும்புள்ளி. ‘ஊசி ஈ முட்டை வைத்துவிட்டது’ என்றார். உள்ளே ஒன்று தன்னைத் தின்ன, வெளியே இது இலை தின்கிறது. இயற்கை இவ்வளவு கொடூரமானதா? இதைக் கதையாக எழுதலாமா?

கார்த்தி, மல்லேஸ்வரம்

அன்புள்ள கார்த்தி,

கதை உங்கள் விருப்பம். சில நாட்களாக நானும் இந்த ஈயையே நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

‘கொடூரம்’ என்று சொன்னதுமே நீங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டீர்கள். எனக்குக் கோபம் அதில்தான். அந்தப் புள்ளி என்னவென்று கேட்டீர்களா? ஈ முட்டையைப் புழுவின் தோல்மேல் ஒட்டிவிட்டுப் போகிறது. இரண்டு மூன்று நாளில் பொரித்த ஈப்புழு தோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. பட்டுப்புழு சும்மா இருப்பதில்லை. வந்தவனைச் சுற்றித் தன் உடலின் செல்களைத் திரட்டுகிறது, அவை கறுத்துக் கெட்டியாகின்றன. மூடிக் கொல்ல எழுப்பிய அந்தச் சுவரையே ஈப்புழு ஒரு புனலாக்கிக்கொள்கிறது. பின்பக்கத்தைத் துளையில் வைத்து அதன் வழியே வெளிக்காற்றை இழுத்தபடி உள்ளே தின்கிறது. பட்டுப்புழு போராடியதால்தான் அதற்கு மூச்சு கிடைத்தது. இதைப் பார்க்காமல் என்ன கதை எழுதுவீர்கள்?

ஆனேக்கல் பக்கம் ஒரு பெரியம்மா, கடன் வாங்கிப் புழு வளர்த்தவர், தட்டுத் தட்டாகக் குனிந்து புள்ளி விழுந்தவற்றை விரலால் பொறுக்குவார். புழுவின் கடைசி வளர்பருவமான ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்திலேயே முட்டை விழுந்திருந்தால் அந்தப் புழு கூடு கட்டாமலே சாகும். பிந்தி விழுந்திருந்தால் கட்டிவிடும் என்று சந்திரிகையில், புழு கூடு கட்டும் மூங்கில் தட்டில், விடுவார். ஈப்புழு துளைத்து வெளியேறிய கூட்டில் நூல் அறுந்து அறுந்து வரும், எடுப்பாரில்லை. இத்தனை நஷ்டத்திலும் அவர் அந்த ஈயைத் திட்டி நான் கேட்டதில்லை. புள்ளி எந்தப் பக்கம், எத்தனை நாள் பழசு என்றே பேசுவார்.

இயற்கைமேல் பழி போடுகிறீர்களே, 1980-க்கு முன் கர்நாடகத்தில் இந்த ஈயே கிடையாது. வங்கத்திலிருந்து வந்த பட்டுக்கூடுகளோடு நாம்தான் கொண்டுவந்து சேர்த்தோம். இப்போது நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற சிறு குளவியை வளர்த்து மனைகளில் விடுகிறார்கள். அது ஈயின் கூட்டுப்புழு ஓட்டைத் துளைத்து உள்ளே முட்டையிடும். அதற்கும் அதே சொல்தானா?

உங்கள் நண்பரை முதலில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நைலான் வலை அடிக்கச் சொல்லுங்கள். தரை விரிசல்களையும் பூசச் சொல்லுங்கள், ஈப்புழு கூட்டுப்புழுவாகப் பதுங்குவது அங்கேதான். அடுத்த முறை போகும்போது ஒரு லென்ஸ் எடுத்துப் போங்கள்.