அம்மோனைட்டில் வெள்ளைப் பொடி: முதலில் அலமாரியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில், அரியலூர்ப் பக்கம் கிடைத்த அம்மோனைட் (சுருள் ஓடுள்ள, அழிந்துபோன கடலுயிர்), சிப்பிப் புதைபடிவங்களைப் புதிய பிளைவுட் அலமாரியில் வைத்தோம். மழைக்காலம் முடிந்ததும் சிலவற்றில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பூஞ்சையா? வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: வார்னிஷ் வேண்டவே வேண்டாம். உப்பு உள்ளேயே அடைபட்டு, மேல்தோலைப் பெயர்த்துவிடும். பூஞ்சையாகவும் தெரியவில்லை, வெறும் கல்லில் அதற்குத் தீனி இல்லை.

பிளைவுட்டும் அதன் பசையும் அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவியை மாதக்கணக்கில் கசியவிடும். கண்ணாடி ஒட்டும் சிலிக்கானில் வினிகர் வாடை வருகிறதென்றால் அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். மூடிய பெட்டிக்குள் ஈரமும் சேர்ந்தால், படிவத்தின் கால்சியம் கார்பனேட் அரிக்கப்பட்டு வெள்ளை உப்பாகப் பூக்கும். பழைய சிப்பிச் சேகரிப்புகளில் அடிக்கடி காணும் கேடு இது.

ஒரு சிட்டிகைப் பொடியை ஒரு கரண்டி காய்ச்சி வடித்த நீரில் போடுங்கள். சட்டெனக் கரைந்தால் இந்த உப்பாக இருக்கலாம். மண்ணிலிருந்து ஏறிய சாதாரண உப்பும் அப்படியே கரையும். கரையாமல் அடியில் தங்கினால் ஜிப்சமோ கல்தூளோ. அந்தப் பக்கத்துக் காரை என்ற ஊரின் களிமண்ணில் ஜிப்சம் ஏராளம். அலமாரியைச் சோதிக்க, தூண்டில் ஈயக் குண்டு ஒன்றைப் பளபளக்கச் சுரண்டி உள்ளே வையுங்கள். சில வாரங்களில் வெளுத்தால் அமில ஆவி உறுதி. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிடுங்கள்.

படிவங்களை உடனே வெளியே எடுத்து, மென்மையான தூரிகையால் பொடியைத் தட்டுங்கள். கெட்டியான சுண்ணாம்புக்கல் படிவமென்றால், காய்ச்சி வடித்த நீரில் கால் மணி நேரம் வைத்து, இருமுறை நீர் மாற்றி, நிழலில் பல நாள் உலர்த்துங்கள். களிமண் ஒட்டியதை நனைக்காதீர்கள், ஊறி உதிர்ந்துவிடும். கந்தக நெடியோடு மஞ்சள் அல்லது சாம்பல் நிறப் பொடி உதிர்ந்தால் அது பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) சிதைவு; அதற்கும் தண்ணீர் ஆகாது. சிலிக்கா ஜெல் போட்டு ஈரப்பதத்தை 45 சதவீதத்துக்குக் கீழே வைக்க வேண்டும்.

எலுமிச்சை, வினிகர் கொண்டு 'பளிச்' செய்யும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அம்மோனைட்டின் இனத்தைச் சொல்லும் நுண்ணிய தையல்கோடுகள்தான் முதலில் கரையும். உதிரும் விளிம்பை இறுக்க, அசிட்டோனில் 5 சதவீதம் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைக் கரைத்துத் துளித்துளியாக விடுங்கள். பின்னாளில் அசிட்டோனாலேயே நீக்கிவிடலாம்.

நிரந்தரத் தீர்வு, பவுடர் பூச்சுள்ள எஃகு அலமாரியும் வாடையற்ற 'நியூட்ரல்' சிலிக்கானும். இப்போதைக்கு வசதியில்லை என்றால், தட்டுகளின் மேல் அலுமினியத் தகடு ஒட்டிய தடுப்புத் தாளை விரித்து, கதவில் காற்றுத்துளை இடுங்கள்.