சின்னப் படத்தில் ஆர்ட் வேலை: மகளை அனுப்பலாமா?

வணக்கம் ஐயா,

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருடம் படிக்கும் உங்கள் மகளைக் குறைந்த பட்ஜெட் சுயாதீனப் படம் ஒன்றில் ஆர்ட் அசிஸ்டென்டாகக் கூப்பிடுகிறார்கள். "செட் போடுவதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். பரீட்சை முடிந்த பிறகு என்றால் தாராளமாக அனுப்புங்கள்.

பெரிய படத்தில் கார்பென்டர், பெயின்டர், மோல்டிங் ஆட்கள் என்று ஒரு பட்டாளமே இருக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைக்கு ஏதோ ஒரு மூலையில் ஒரே வேலைதான் கிடைக்கும். சின்னப் படத்தில் செட் போடக் காசு இருக்காது, இருக்கிற வீட்டைத்தான் கதைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். சீன் வாரியாகப் பொருள்களைப் பட்டியல் போடுவது, லொகேஷன் பார்ப்பது, பீரோவையும் பாத்திரத்தையும் வாடகைக்கோ இரவலாகவோ வாங்குவது, ஷாட்டுக்கு ஷாட் டம்ளர் இடம் மாறாமல் போட்டோ எடுத்து வைப்பது, கடைசியில் வீட்டுக்காரரிடம் சுவரைப் பழையபடி ஒப்படைப்பது என எல்லாமே அவள் தலையில் விழும். கஷ்டம்தான், ஆனால் தொழில் முழுதாகப் புரியும்.

இதில் படிப்புக்கும் வேலை இருக்கிறது. கதை 1970இல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் கிடக்கும் தபால் உறையின் முகவரியில் பின்கோடு இருக்கக் கூடாது, அது வந்ததே 1972இல்தான். மளிகைக்கடை போர்டில் 'விலை' என்று எழுதினால் 'லை'க்கு யானைத் தும்பிக்கை மாதிரியான பழைய கொம்பு வேண்டும், எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978இல். அப்புறம், அந்த போர்டு நேற்று பெயின்ட் அடித்தது மாதிரி பளபளக்கவும் கூடாது. வெயில் படும் பக்கம் வெளுத்து, ஆணி அடித்த இடத்தில் துரு வழிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லாமலே கவனிக்கும் கண் அவளுக்கு இருக்கிறதா என்பது ஒரே படத்தில் தெரிந்துவிடும். இருந்தால் தடுக்காதீர்கள் ஐயா, அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

மேலே படிக்க வேண்டுமென்றால், புனே திரைப்படக் கல்லூரியில் ஆர்ட் டைரக்‌ஷன், புரொடக்‌ஷன் டிசைனுக்கென்றே மூன்று வருடப் படிப்பு உண்டு. ஓவியம், கட்டிடக்கலை, இன்டீரியர் டிசைன் போன்ற துறைப் பட்டங்களைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்பதால், விஸ்காம் செல்லுமா என்று இந்த வருட அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்யுங்கள். ப்ளஸ் டூ படிக்கும் இளையவனுக்கும் இந்த ஆசை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவனுக்கு 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியைத்தான் முதலில் சொல்வேன். பிரபல ஆர்ட் டைரக்டர் சாபு சிரில் அங்கே படித்தவர்தான்.

வருமானம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஒரு படம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை கையில் காசு இருக்காது. அந்த இடைவெளியில் விளம்பரப் படம், கண்காட்சி ஸ்டால், நாடக மேடை, கல்யாண மண்டப அலங்காரம் என்று இதே கைத்தொழில் சோறு போடும். பெரிய படங்களுக்குப் போகும்போது ஃபெப்சியில் (திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) இணைந்த சங்கத்தின் கார்டு கேட்பார்கள். அதை இப்போதே நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

சம்மதம் சொல்லும் முன் அவளே தயாரிப்பு மேனேஜரிடம் பேசட்டும். சம்பளம் எவ்வளவு, பேட்டா எப்போது, பொருள் வாங்க முன்பணம் யார் தருவார்கள் (தன் கைக்காசை ஒருபோதும் போடக் கூடாது), டைட்டிலில் பெயர் எப்படி வரும், நைட் ஷூட் முடிந்தால் வண்டி உண்டா, ஆர்ட் டீமில் இன்னொரு பெண் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அதையும் கூச்சப்படாமல் கேட்கலாம். பதில்களை ஒரு மெயிலிலாவது எழுதித் தரச் சொல்லுங்கள். மழுப்பினால் இந்தப் படம் வேண்டாம், வேறு படம் வரும்.