சீன எழுத்து படிக்க ரேடிக்கல்களைத் தெரிந்துகொள்வது அவசியமா?

அவசியம்தான், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ரேடிக்கல் என்பது சீன எழுத்துக்குள் இருக்கிற ஒரு துண்டு, பெரும்பாலும் பொருளுக்குக் குறிப்புக் கொடுக்கும். நீங்கள் 214 ரேடிக்கல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மலைத்துப்போய் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 1716இல் வந்த காங்சி என்ற சீன அகராதியின் கணக்கு அது. எழுத்தைத் தேடிப் பிடிக்க அடுக்கிவைத்த தலைப்புகள், அவ்வளவுதான். மொத்தத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். எனக்குச் சோறு போட்டது அதில் ஒன்று: சோழி.

சீனத்தில் 'பெய்' என்பார்கள். பழைய வடிவத்தில், கண் என்ற எழுத்துக்கு அடியில் இரண்டு கால் முளைத்த மாதிரி இருக்கும். நாம் தாயம் ஆட உருட்டுகிறோமே, அதே சோழி. கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கிற ஆன்யாங் என்ற சீன நகரில், 1976இல் ஃபூ ஹாவ் என்ற அரசியின் கல்லறையைத் தோண்டியபோது ஏறத்தாழ 7,000 சோழி கிடைத்தது. மூவாயிரம் வருடத்துக்கு முன்பே அதற்கு அவ்வளவு மதிப்பு. செல்வம், சரக்கு, லஞ்சம், சூதாட்டம், பேராசை என்று காசு புழங்கும் எழுத்திலெல்லாம் அது இருப்பதற்குக் காரணம் இதுதான். ஏழ்மை என்ற எழுத்தில் மேலே 'பிரி' என்ற எழுத்து, கீழே சோழி.

அந்த மேல்பாதி பொருளுக்கு மட்டுமல்ல, உச்சரிப்பைக் காட்டவும் வந்தது என்று சிலர் திருத்த வருவார்கள். தெரியும். 'விதி', 'உறுப்பினர்' இரண்டிலும் இருப்பது சோழியே அல்ல, வெண்கலப் பாத்திரத்தின் வடிவம் மாறி வந்தது என்பதும் தெரியும். நான் பண்டிதன் இல்லை. ஆறு வருடம் குவாங்சோவில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்குச் சரக்கு வாங்கிக் கொடுத்தவன்.

அங்கேதான் அடிபட்டேன். சரக்குக்கு 'ஹுவோ', கடனுக்கு 'டாய்'. இரண்டிலும் அடியில் சோழி, மேலே இடப்பக்கம் ஆள் குறி. மேலே வலப்பக்கம் மட்டும்தான் வேறு. நான் சோழியைப் பார்த்ததும் காசு விஷயம் என்று திருப்திப்பட்டுக்கொள்கிற ஆள். ஒருநாள் பணம் அனுப்பும்போது, குறிப்பில் 'சரக்குப் பணம்' என்பதற்குப் பதில் 'கடன் பணம்' என்று விரலால் எழுதிவிட்டேன். ஆலையின் கணக்கர் அதைச் சரக்குக் கணக்கில் ஏற்ற முடியாது என்றுவிட்டார். திருத்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள், எங்கள் சரக்கு ஏறாமலே கப்பல் போய்விட்டது.

அன்றைக்குத்தான் மேல்பாதியை ஒலியாகப் படிக்க ஆரம்பித்தேன். கடனின் மேல்பாதி தனியாக நின்றாலும் 'டாய்'தான். சரக்கின் மேல்பாதி 'ஹுவா', ஹுவோவுக்குப் பக்கம். அப்புறம் ஒருமுறைகூடக் குழம்பவில்லை. நீங்களும் சோழியில் பொருளைப் பிடியுங்கள், மீதியில் ஒலியைப் பிடியுங்கள்.

அந்த நஷ்டத்தை என் சம்பளத்தில் பிடித்தார்கள். சரி, தப்பு என்னுடையது. ஆனால் ஆறு வருடமும் மொழிபெயர்ப்பாளர் வைக்காமல் என்னை வைத்தே பேரம் பேசி மிச்சம் பிடித்தார்களே, அதற்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்ததில்லை. மொழி தெரிந்தவனின் உழைப்பு நம் ஆட்களுக்கு வேலையாகவே தெரிவதில்லை.

இன்னொன்று. சீனாவில் 'வாங்கு', 'விற்பனை' இரண்டையும் எளிமையாக்கியபோது சோழியை எடுத்துவிட்டார்கள். அங்கேயே தேடினால் கிடைக்காது. ஹாங்காங் கடைப்பலகைகளில் பாருங்கள், இரண்டுக்கும் அடியில் இன்னும் இருக்கிறது.